வாடகையின் முதல் பங்கு யாருக்கு?

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில், "இந்த வீடு ஆண்டுக்கு ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும்" என்று யாராவது சொன்னால் பெரியவர்கள் அவர் வாயை அடைத்துவிடுவார்கள். நல்ல காரியத்தின்போது அமங்கலம் பேசக் கூடாது, சொன்னது பலித்துவிடும் என்ற அச்சம் தமிழரிடம் பழையது. மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங் போன்ற ஊர்களில், வாடகைக்கு விடுவதற்கென்றே இரண்டாவது வீடு வாங்க நினைக்கும் குடும்பத்தின் முன் இந்த அச்சம் ஓர் உண்மையான கேள்வியை வைக்கிறது. வராத வாடகையை முன்கூட்டியே கணக்கில் எழுதுவது இறைவன் மேல் நம்பிக்கை குறைந்தவர் செய்யும் காரியமா? எழுதாமல் விடுவதுதான் பிழையா?

பணத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் விதி, முயற்சி, உடைமை, பிறருக்குச் செய்ய வேண்டிய கடமை என்று எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன. முதலில் ஊரைப் பார்த்துவிடுவது நல்லது.

யோங் பெங் பத்து பகாட் மாவட்டத்திலுள்ள சாலையோர நகரம். தீபகற்பத்தின் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலை ஊருக்குள் ஓடுகிறது. மூவாருக்கும் பத்து பகாட்டுக்கும் போகும் சாலைகளும் இங்கே வந்து சேர்கின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது, பழைய சாலையை நம்பியிருந்த பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமின் வழிப்போக்கர் வணிகம் அடிவாங்கியது. யோங் பெங்கிலோ நெடுஞ்சாலையின் வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் உணவகங்கள் அமைந்தன. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகும் பேருந்துகள் அங்கே நின்று போகும் வழக்கம் தொடர்ந்தது. அடுத்தடுத்த இரண்டு ஊர்களின் பிழைப்பை ஒரு சாலை இரு வேறு திசைகளில் திருப்பிவிட்டது. கடைவீட்டை வாங்கி வைத்திருந்த யாரும் அந்தச் சாலைக்குக் கோடு போடவில்லை.

2020 மார்ச் 18இல் கொரோனா பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சிங்கப்பூர் எல்லை மூடப்பட்டது, பேருந்துகள் ஓடவில்லை. அதே மாவட்டத்தில் உள்ள பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தை நம்பி மாணவர்களுக்கு அறை விட்டிருந்தவர்கள், மாணவர்கள் ஊர் திரும்பியதும் வெறும் அறைகளுக்குத் தவணை கட்ட வேண்டிய நிலைக்கு வந்தார்கள். வங்கிகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தன. தள்ளிப்போன கடன் கடனாகவே இருந்தது. பிறகு 2023 மார்ச்சில் கொட்டிய மழையில் பத்து பகாட் மாவட்டம் வாரக்கணக்கில் நீரில் கிடந்தது, யோங் பெங்கும் தப்பவில்லை. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் தென் ஜொகூரைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. வெள்ளம் வடிந்த வீட்டில் சுவர் காய வேண்டும், மின்கம்பியை மாற்ற வேண்டும், சேற்றை வாரிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அதுவரை வாடகை இல்லை.

இதோடு ஊரின் அளவும் சேர்கிறது. ஜொகூர் பாருவில் ஒருவர் காலி செய்தால் அந்த வீட்டைத் தேடி வேறு பலர் வரலாம். யோங் பெங்கில் வாடகைக்கு வருபவர்கள் மாற்றலாகி வரும் ஆசிரியர், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், கடை வைக்க வருபவர் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. இளையோரில் பலர் வேலைக்காக ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். ஆகவே இங்கே வீடு காலியாவதைத் தற்செயலான கெட்ட நேரம் என்று சொல்ல முடியாது. ஊரின் இயல்பில் அது இருக்கிறது. இயல்பாக வரப்போவதை எழுதி வைப்பதில் அமங்கலம் ஏதும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2 லட்சம் வெள்ளி மதிப்புள்ள ஒரு தரை வீடு என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு கடன், அதாவது 1,80,000 வெள்ளி. வட்டி 4.2 விழுக்காடு, 30 ஆண்டுகள். மாதத் தவணை ஏறக்குறைய 880 வெள்ளி வரும். வாடகை 1,000 வெள்ளி கிடைத்தால் மாதம் 120 வெள்ளி மிச்சம், ஆண்டுக்கு 1,440 வெள்ளி. வீடு விற்பவர் தாளில் எழுதிக் காட்டும் கணக்கு இத்தோடு முடிந்துவிடும்.

அந்தத் தாளில் இல்லாதவை பல. ஆண்டில் ஒரு மாதம் காலி என்றால் 1,000 வெள்ளி போயிற்று. நில அலுவலகத்துக்குக் கட்டும் நிலவரி, மாவட்ட மன்றத்துக்கு ஆண்டில் இரு முறை கட்டும் மதிப்பீட்டு வரி, காப்புறுதி மூன்றும் சேர்ந்து 500 வெள்ளி என்று கொள்வோம். தண்ணீர்த் தொட்டி, கழிவறை, கூரை ஒழுகல், வர்ணம் என்று பழுதுக்கு 1,000. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முகவருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் ஆண்டுக்கு 500. மொத்தம் 3,000. மிச்சம் என்று நினைத்த 1,440 வெள்ளி இப்போது 1,560 வெள்ளி பற்றாக்குறை. எண்கள் வீட்டுக்கு வீடு மாறும். கணக்கு போகும் திசை மாறுவது அரிது.

வட்டி இன்னொரு பக்கம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2022 மே மாதத்துக்கு முன் 1.75 விழுக்காடாக இருந்தது. ஐந்து முறை கால் கால் விழுக்காடாக ஏறி, 2023 மே மாதம் 3 விழுக்காட்டைத் தொட்டது. மேலே சொன்ன வீட்டுக் கடனில் இந்த ஒன்றே கால் விழுக்காடு ஏற்றம் மாதத் தவணையை 754 வெள்ளியிலிருந்து 880க்குக் கொண்டுபோய்விடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 வெள்ளி வித்தியாசம். வீட்டுக்காரர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

அமெரிக்காவில் வாடகை வீடு வாங்குபவர்களிடம், கடன் தவணை நீங்கலாக மற்றச் செலவுகளுக்கும் காலி மாதங்களுக்கும் வாடகையில் பாதியை ஒதுக்க வேண்டும் என்ற உத்தேச வழக்கு ஒன்று உண்டு. அங்கே சொத்து வரி பெரியது, ஜொகூரில் அவ்வளவு இல்லை. அந்தப் பாதியை அப்படியே இங்கே கொண்டுவருவது பொருந்தாது. ஆனால் யோங் பெங் அளவுள்ள ஊரில் வாடகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது கையில் தொடாமல் எடுத்து வைக்காதவர், வீட்டைத் தன் சம்பளத்திலிருந்து நடத்துகிறார் என்பதைத் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கு என்பதற்கு வேதத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. எகிப்து மன்னன் கண்ட கனவுக்கு யோசேப்பு பொருள் சொன்ன கதையைக் கிறிஸ்தவர்கள் ஆதியாகமத்தில் படிக்கிறார்கள். முஸ்லிம்கள் யூசுப் நபியின் வரலாறாகக் குர்ஆனில் ஓதுகிறார்கள். ஏழு ஆண்டு விளைச்சல், அதன் பின் ஏழு ஆண்டுப் பஞ்சம். விளையும் ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க வேண்டும் என்பது ஆதியாகமத்தில் யோசேப்பு சொல்லும் வழி. இக்கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வருவதை இறைவனே முன்கூட்டி அறிவிக்கிறான், பஞ்சத்தை நீக்கிவிடவில்லை. களஞ்சியம் கட்டும் வேலை மனிதனுக்கு விடப்படுகிறது. நம்பிக்கை உள்ளவன் சேமிக்க மாட்டான் என்ற எண்ணத்துக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. மன்னனின் அரண்மனையில் அன்று மிகவும் நம்பிக்கை உடையவராக இருந்தவரே தானியக் கணக்கை எழுதினார்.

வள்ளுவர் இதை வேறு இடத்தில் வைக்கிறார். வரவு, செலவு, கொடை ஆகியவற்றின் அளவு பற்றிய நான்கு குறள்கள் 48ஆம் அதிகாரமான வலியறிதலின் கடைசியில் வருகின்றன. பகைவன் வலியையும் தன் வலியையும் எடைபோடச் சொல்லும் அரசியல் அதிகாரம் அது. வருவாய் சிறிதானாலும் கேடில்லை, செலவின் வழி அதைவிட அகலக் கூடாது என்ற கருத்தை, வீட்டுச் சிக்கனம் பேசும் இடத்தில் சொல்லாமல் வலிமை பேசும் இடத்தில் சொன்னார். தன் கையிருப்பின் அளவு தெரியாதவன் தன் வலி தெரியாதவன் என்ற பொருள் அதில் தானாக வருகிறது. ஈகையைக்கூட அளவறிந்தே செய்யச் சொல்வதும் அதே இடத்தில்தான்.

இதுவரை பேசியது வீட்டுக்காரரின் பாதுகாப்பு. கேள்வியின் ஆழமான பகுதி இதற்கு அப்பால் இருக்கிறது: கைக்கு வந்த வாடகை முழுவதும் அவருடையதுதானா?

இதற்கு மிகத் தெளிவான விடை இஸ்லாமிய வக்ஃபு சட்டத்தில் கிடைக்கிறது. ஒருவர் வீட்டையோ கடையையோ பள்ளிவாசலுக்கும் ஏழைகளுக்கும் என்று வக்ஃபு செய்துவிட்டால், அதன் வாடகையில் முதல் செலவு அந்தக் கட்டடத்தின் பராமரிப்புதான் என்று ஹனஃபி சட்ட அறிஞர்கள் வகுத்தார்கள். வக்ஃபு செய்தவர் அப்படி நிபந்தனை எழுதாவிட்டாலும் அதுவே முறை. ஏழைக்குக் கொடுப்பதுகூட அதற்குப் பின்தான். கூரை விழுந்தால் அடுத்த ஆண்டு ஏழைக்கும் ஒன்றும் இல்லை என்ற எளிய காரணம் இதில் இருக்கிறது. தானத்துக்கே இந்த வரிசை என்றால், சொந்த வருமானத்துக்காக விட்ட வீட்டில் உரிமையாளரின் செலவு கட்டடத்துக்கு முன்னால் நிற்க எந்த நியாயமும் இல்லை.

இந்த வரிசை குலைந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் கண்ணெதிரே காட்டிய இடம் பினாங்கு. தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொஹுதீனின் முயற்சியால், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கென 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 18 ஏக்கர் நிலம் கிடைத்தது. ஜார்ஜ் டவுனின் நடுவில் இருந்த அந்த நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்தன, வாடகையும் வந்தது. நூறு ஆண்டுகளில் அறங்காவலர்களிடையே பூசலும் நிர்வாகச் சீர்கேடும் பெருகிச் சொத்து சீரழிந்தது. அரசு விசாரித்து, 1905ஆம் ஆண்டின் முகமதிய, இந்து அறக்கொடைச் சட்டத்தின் கீழ் வாரியம் ஒன்றை அமைத்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. பள்ளிவாசலுக்குப் பெரிய அளவில் புதுப்பிப்பு நடந்தது அதற்குப் பின்தான். வருமானம் தரும் நிலம் கையில் இருந்தது, ஆனால் அதைப் பேணும் ஒழுங்கு இல்லை.

கோயில்களும் இதை அறிந்தே இருந்தன. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஒரு நிலம், நந்தவனத்துக்கு ஒரு நிலம் என்று தனித்தனியாக விட்டதுபோல, கோயிலைப் பழுதுபார்ப்பதற்கென்றே விட்ட நிலத்துக்குப் புதுக்குப்புறம் என்று பெயர் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் வழக்கத்தை மலேசியக் கோயில்கள் இன்றும் விடவில்லை. இறைவன் குடியிருக்கும் இடமும் விரிசல் விடும், அதற்குப் பணம் முன்பே சேர்க்க வேண்டும் என்று சமயமே ஒப்புக்கொண்ட பிறகு, வாடகை வீட்டின் கூரைக்குப் பணம் ஒதுக்குவதை அவநம்பிக்கை என்று யாரும் சொல்ல முடியாது. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இதையே சட்டமாக்கியிருக்கிறது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காட்டை எதிர்காலப் பெரும் பழுதுகளுக்கான நிதிக்கும் கட்ட வேண்டும். யோங் பெங்கின் தரை வீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் அப்படிக் கட்டாயப்படுத்துபவர் யாரும் இல்லை. உரிமையாளர் தாமாக எடுத்து வைத்தால்தான் உண்டு.

நகரத்தார் மகமை வைத்த முறையும் இங்கே நினைக்கத்தக்கது. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டியார் கடைகள், இலாபம் பிரிப்பதற்கு முன்பே கோயிலுக்கும் அறத்துக்கும் ஒரு பங்கை எழுதின. மீதியில் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. கணக்குப் புத்தகத்தில் முதல் வரிகளில் வரும் பங்கு அது. காலி மாதத்துக்கும் பழுதுக்கும் ஒதுக்கும் பணத்தை இப்படி எழுதினால்தான் அது நிற்கும். மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டவர்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆனால் அதே நகரத்தாரின் வரலாறு ஒதுக்கீட்டின் எல்லையையும் காட்டுகிறது. 1930இல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய 6 விழுக்காடு நிலம் அவர்களிடம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிய, கடன் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. 1937இல் அது 25 விழுக்காடு. விரும்பி வாங்கிய நிலமல்ல அது, கடன் கொடுக்கப் பணமாக வைத்திருக்கவே அவர்கள் விரும்பினார்கள். ஆயினும் குத்தகை வாங்கும் நிலக்கிழார்களாக ஆனார்கள். அடுத்துப் போர் வந்தது, 1948இல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. தலைமுறைகளின் முதல் கண்முன் போயிற்று. எந்தக் கணக்கும் இதைத் தாங்கியிராது.

விதி என்ற சொல்லுக்கு நியாயமான இடம் இங்கேதான் இருக்கிறது. போரும் அரசு மாற்றமும் ஒருவர் கையை மீறியவை. ஒழுகும் குழாயும், மாற்றலாகிப் போகும் ஆசிரியரும், யோங் பெங்கின் வெள்ளமும் அப்படியல்ல. வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு ஆயத்தமாகாமல் இருந்துவிட்டு, வந்தபின் அதை விதி என்று அழைப்பவர் தம் வேலையை இறைவன் தலையில் வைக்கிறார். சாதாரணத் தீக்காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது என்பதையும், வீட்டுரிமையாளர் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும் என்பதையும் கேட்டறியாமல் விட்ட வீட்டுக்காரர் விதியைக் குறைசொல்ல முடியாது.

ஒதுக்கி வைக்காத உரிமையாளரின் பற்றாக்குறை வேறு ஒருவர் மேல் போய் விழுகிறது. அவர் வாடகைக்கு இருப்பவர். கையில் பணம் இல்லாத வீட்டுக்காரரிடம் கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் அடுத்த மாதம் என்பார். முன்பணமாக வாங்கிய இரண்டு மாத வாடகையைச் செலவழித்துவிட்டு, காலி செய்யும்போது சுவரில் கீறல் என்று காரணம் தேடுவார். பத்து நாள் தாமதித்தால் பூட்டை மாற்றிவிடுவதாக மிரட்டுவார். 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவின்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். அடுத்த தவணைக்குப் பணம் இல்லாத பயம் நல்லவரையும் இப்படிச் செய்ய வைக்கும். காலி மாதத்துக்கு ஒதுக்கிய பணம், வேலையிழந்த ஒரு குடும்பத்துக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுக்கும் துணிவை உரிமையாளருக்குத் தருகிறது.

மலேசியத் தமிழர்களுக்கு இந்தப் பக்கம் தெரியாததல்ல. தோட்டத்து லயங்களில் வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் ஒரே நேரத்தில் இரண்டையும் இழந்தன. அந்த நிலையைப் பார்த்துத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதா மாதம் சேர்த்த சந்தாவில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அந்தச் சந்தாவும் ஒருவகை ஒதுக்கீடுதான். பிறர் தயவில் குடியிருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று வாடகைக்கு விடுபவர்கள். வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் உயிரையே உடம்பில் ஒதுங்கியிருக்கும் குடியாகத்தான் பார்க்கிறார். அந்தப் பார்வையில் வீட்டுக்காரரும் ஒரு குடித்தனக்காரரே.

சட்டமும் எதிர்பாராத இடத்தில் இதைத் தொடுகிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தில் 162ஆம் பிரிவு, காலியாக இருந்த காலத்துக்கு மதிப்பீட்டு வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க வழி செய்கிறது. அதற்குக் கேட்கப்படும் நிபந்தனைகள்: வீடு குடியிருக்கத் தகுந்த நல்ல நிலையில் இருந்தது, ஆள் தேட முறையான முயற்சி எடுக்கப்பட்டது, கேட்ட வாடகை நியாயமானது, அந்தக் காலம் முழுவதும் வீடு உண்மையில் காலியாக இருந்தது. பராமரிப்பு, முயற்சி, நியாயம், உண்மை. வீடு வாடகைக்கு விடும் ஒருவர் தம் மனச்சாட்சியிடம் கேட்க வேண்டியவையும் இவையே. வருமான வரிச் சட்டமும், முதல் குடித்தனக்காரரைப் பிடிக்கும் செலவை ஏற்காவிட்டாலும், அவருக்குப் பின் வேறு ஆள் தேடும் செலவைக் கழிக்க விடுகிறது. ஆள் மாறுவதை அந்தச் சட்டம் தொழிலின் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது.

ஆகவே வாடகைக்கு வீடு வாங்கப்போகிறவர்கள் பால் காய்ச்சும் நாளிலேயே வங்கியில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்க வேண்டும். முதல் மாத வாடகையிலிருந்தே ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும். வாங்கிய முன்பணத்தையும் அதில் தனியாக எழுதி வையுங்கள், அது உங்கள் பணம் அல்ல. மூன்று மாதத் தவணைக்கான தொகை சேரும்வரை அந்தக் கணக்கை எதற்கும் தொடாதீர்கள். வீடு காலியான நாளில் யோங் பெங் மாவட்ட மன்றத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். வரியில் திரும்பக் கேட்பதற்கு அந்த அறிவிப்பு தேவைப்படும்.